செல்லப்பிள்ளை எது?

தீவகத்து ஆவணங்களைச் சேகரிக்கிறது பற்றிக் கூட்டம் வைத்தால் ஸ்கேனர், கமரா, குறிகட்டுவானுக்குப் போற பஸ், சாப்பாட்டுச் செலவு எண்டு ஒரு மணித்தியாலம் போகும். பதிந்ததை எதில, எப்படி வைக்கிறது எண்ட கேள்வி வரேக்க மட்டும் கலைப்பீடத்து ஆக்கள் வாயை மூடிக்கொள்ளுவினம். "அது கொம்பியூட்டர் பெடியள் பார்ப்பினம்." அந்தப் பெடியள் கறுப்புத் திரையில தட்டுற ஒவ்வொரு கட்டளையும் ஆவணக் கொள்கை எண்டுறதுதான் எங்கட வாதம். அதை ஒருத்தரிட்டத் தள்ளிவிட ஏலாது.

உதாரணத்துக்குக் குளஸ்டர் எண்ட மென்பொருளை எடுப்பம். பல கணினிகளின் வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய தட்டாகக் காட்டும். நீங்கள் ஒரு கோப்பை வைத்தால் இரண்டு மூன்று கணினிகளில் பிரதி விழும். ஒன்று செத்தால் மற்றது தரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி கலிபோர்னியாவில் 2005இல் தொடங்கிய நிறுவனத்தில் பிறந்தது இது. 2011இல் ரெட் ஹட் நிறுவனம் அதை 13.6 கோடி டொலருக்கு வாங்கியது. 2024 முடிவோட அவர்கள் தங்கட வணிகப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். மூலநிரல் திறந்தபடி இருக்கு. காசில்லாத எங்களைப் போன்ற குழுவுக்குப் பழைய மூன்று டெஸ்க்டொப் போதும்.

இதைக் கேட்டவுடன எல்லாருக்கும் ஒரு அழகான யோசனை வரும். நெடுந்தீவில ஒரு மெஷின், நயினாதீவில ஒன்று, யாழ்ப்பாண நகரத்தில ஒன்று. மூன்றையும் ஒன்றாக்கி விட்டால் நல்லாத்தானே இருக்கும்? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த மென்பொருள் ஒரே அறையில, கேபிள் அறாத, கரண்ட் போகாத இடத்துக்கெண்டு நினைத்து எழுதப்பட்டது. அதின்ர இயல்பு அமைப்புகளைப் பார்த்தாலே விளங்கும். பிங் டைம்அவுட் எண்டு ஒன்று: ஒரு மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால் மற்றவை 42 செக்கன் காத்திருக்கும். அவ்வளவு நேரமும் கோப்புகள் உறைந்து நிக்கும். குறைத்து வைக்கலாம், ஆனால் குறைத்தால் சின்னத் தடங்கலுக்கும் தொடர்பை அறுத்துத் திரும்பக் கட்டும். அந்தத் திரும்பக் கட்டுறதுதான் பெரிய சுமை. இன்னொன்று, எழுதுகிற கோப்பு எல்லாப் பிரதியிலயும் விழுந்து முடிய வேணும். ஆக மெதுவான இணைப்பின்ர வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின்வலையில் சேராமல் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகள். இந்திய உதவியோட கலப்பு மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதினதே 2022இலதான்.

சரி, இணைப்பு அறுந்தால்? அங்கதான் விஷயம் தொழில்நுட்பத்தைத் தாண்டுது.

நெடுந்தீவில பாட்டி ஒருவர் சொன்ன கதையை எழுத்தாக்கி வைத்திருக்கிறம் எண்டு வைப்பம். கடல் கொந்தளிப்பு, இணைப்பு இல்லை. தீவில இருக்கிறவர் ஒரு சொல்லைப் பாட்டி சொன்னபடி திருத்துறார். அதே நேரம் நகரத்தில இருக்கிற ஒருத்தர் அதே சொல்லை "நல்ல தமிழாக" மாத்துறார். இணைப்பு வந்த பிறகு இரண்டு பிரதியும் தான்தான் சரி எண்டு நிக்கும். ஸ்பிளிட் பிரெய்ன் எண்டு இதுக்குப் பேர். குளஸ்டரில் இதைத் தானாகத் தீர்க்க ஒரு அமைப்பு இருக்கு. அதின்ர பேர் ஃபேவரிட் சைல்ட் பொலிசி, அதாவது செல்லப்பிள்ளைக் கொள்கை. (பேர் வைத்தவருக்குப் பெரிய குடும்பமாக இருந்திருக்க வேணும்.) கடைசியாகத் திருத்தினது வெல்லட்டும் எண்டு போடலாம், அளவில் பெரியது வெல்லட்டும் எண்டு போடலாம், பெரும்பான்மை வெல்லட்டும் எண்டும் போடலாம். ஒற்றை வரிக் கட்டளை. தட்டினால் கரைச்சல் முடிஞ்சுது.

ஆனால் ஆருக்கு முடிஞ்சுது? கடைசியாகத் திருத்துறவர் ஆர்? எந்நேரமும் கரண்டும் சிக்னலும் இருக்கிறவர்.  இந்த ஒரு வரியால தீவுப் பேச்சு நகரப் பேச்சுக்கு ஒவ்வொரு முறையும் தோற்கும், ஒருத்தரும் அதைக் கவனிக்க மாட்டினம். இயல்பு அமைப்பு "ஒன்றுமில்லை" எண்டுதான் வருது. அப்படியே விடச் சொல்லுறம். கோப்பு திறக்காமல் அடம்பிடிக்கட்டும், ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு இரண்டு பேர் இருந்து முடிவெடுக்கட்டும்.

குவோரமும் இதே மாதிரித்தான். இரண்டு பிரதி மட்டும் வைத்து அதைத் தானியங்கியில விட்டால், பட்டியலில முதலாவதாக எழுதின மெஷினுக்குத்தான் மரியாதை. அது விழுந்தால் மற்றது எழுத மறுக்கும். முதலாவதாக எதை எழுதுறது எண்டு ஒரு கூட்டத்திலயும் கதைத்ததை நாங்கள் கேள்விப்படவில்லை. மூன்று பிரதி எண்டால் இரண்டு இருந்தால்தான் எழுதலாம். இரண்டு தீவும் துண்டிக்கப்படுற நாளில நகரத்து மெஷினும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கும்.

அதால எங்கட முடிவு: கொத்தைக் கடலுக்கு மேலால இழுக்கக் கூடாது. மூன்று மெஷினும் ஒரே அறையில இருக்கட்டும். அங்கயிருந்து ஜியோ ரெப்ளிகேஷன் மூலம் நெடுந்தீவுக்கு ஒரு பிரதி, நாட்டுக்கு வெளியால ஒரு பிரதி. இது ஆறுதலாக, இணைப்புக் கிடைக்கேக்க போகும். ஒரே அறையை நம்ப ஏலாது எண்டதுக்கு எங்களுக்கு வேற சாட்சி தேவையில்லை: 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில 97,000 வரையான நூல்கள் ஒரே கட்டடத்தில இருந்தன. நெடுந்தீவுக்கு ஏன் எண்டு கேட்பினம். 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்ததில் இருந்து அங்கத்தைய உறுதிகளும் படங்களும் வெளியால வந்துகொண்டேதான் இருக்கு. ஒன்றாவது திரும்பிப் போகட்டும். கூகுள் ட்ரைவ் போதாதோ எண்டால், கணக்கு ஒருத்தரின்ர பேரில இருக்கும், அவர் கனடா போனால் கடவுச்சொல்லும் கனடா போயிடும்.

இதிலயும் ஒரு குறை இருக்கு, மறைக்க விருப்பமில்லை. ஜியோ ரெப்ளிகேஷன் ஒருவழிப் பாதை. நெடுந்தீவுப் பிரதி கேட்கும், பேசாது. அங்க செய்யுற திருத்தம் தானாகத் திரும்பி வராது. ஆள் கொண்டுவர வேணும். பென்ட்ரைவோட படகேறுற ஒருத்தரை மாதம் ஒருக்கால் அனுப்புற செலவைக் கணக்கில சேர்க்காத திட்டத்தை நாங்கள் ஏற்க மாட்டம்.

இன்னும் தீராதது அழிக்கிற விஷயம். இயல்பில், இங்க ஒரு கோப்பை அழித்தால் அங்கயும் அழியும். பிழையாக அழித்தாலும்தான். பிரதி காப்பு ஆகாது எண்டு சொல்லுறது இதைத்தான். இக்னோர் டிலீட்ஸ் எண்டதை ஒன்றாக மாத்தினால் தூரப் பிரதி தப்பும். மாத்தத்தான் வேணும். ஆனால் இடம்பெயர்ந்த கதை சொன்ன ஒரு அம்மா ஆறு மாதம் கழித்து "தம்பி, அந்த ஆளின்ர பேரைச் சொல்லிப் போட்டன், அதை எடுத்துவிடு" எண்டு கேட்டால்? நகரத்தில அழிப்பம். நெடுந்தீவில, வெளிநாட்டில அவவின்ர குரல் அப்படியே இருக்கும். அவ நம்பி வீட்டுக்குப் போவா. ஒவ்வொரு பிரதியிலயும் கையால அழித்துவிட்டு, அழித்தாச்சு எண்டு அவவிட்டப் போய்ச் சொல்லுறது ஆரின்ர வேலை? அமைப்பை மாத்த முதல் அந்தப் பேரைக் கூட்டக் குறிப்பில எழுதுங்கோ.