டால்டன் சொன்ன சமாதானம்

சிகாகோவின் புறநகர் நேப்பர்வில்லில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஞாயிற்றுக்கிழமை காலை கையில் நாவலோடு கறுப்பர் அதிகம் வாழும் சிகாகோவின் சவுத் சைடில் ஓடப் போகிறேன் என்றதும், நண்பர் தயிர்வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பக்கமா? எதுக்குங்க வம்பு?" என்றார். பிறகு எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்: "அவங்க ஆளுங்களோட இருக்கத்தான் அவங்களுக்குப் பிடிக்கும். நாம இங்க சேர்ந்து இல்லையா? அதே மாதிரிதான்."

கேட்க இதமான விளக்கம். யார் மேலும் பழி விழாது.

கிங் டிரைவ் தொடக்கத்தில் ஒரு வெண்கல மனிதன் நிற்கிறான். கையில் பெட்டி. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவன் போட்டிருக்கும் கோட்டு முழுக்கத் தேய்ந்த ஷூ அடிகள். தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்களுக்கான நினைவுச் சின்னம் அது. ஓட்டத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மிசிசிப்பியில் பிறந்த நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் அப்படித்தான் 1927 கடைசியில் இந்த ஊருக்கு வந்தார். அதே ஆண்டு சிகாகோ ரியல் எஸ்டேட் போர்டுக்காக ஒரு மாதிரிப் பத்திரம் எழுதப்பட்டது: இந்தச் சொத்தைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அவர்கள் இங்கே குடியிருக்கவும் கூடாது. விலக்கு உண்டு. காவலாளி, டிரைவர், வீட்டு வேலைக்காரர் தங்கலாம்.

என் கையில் இருந்த நாவல், ரைட்டின் 'நேட்டிவ் சன்', 1940இல் வந்தது. நாயகன் பிக்கர் தாமஸ் தாய், தம்பி, தங்கையோடு ஒற்றை அறையில் இருப்பது இந்தியானா அவென்யூ 3721இல். எலி ஓடும் அந்த அறைக்கு வாரம் 8 டாலர் வாடகை. அவன் டிரைவர் வேலைக்குப் போகும் டால்டன் வீடு டிரெக்சல் புலவார்ட் 4605. ரைட் கதவு எண்ணோடு எழுதியது நமக்கு வசதி. இரண்டுக்கும் நடுவே 3 கிலோமீட்டர் சொச்சம். நிதானமாக ஓடினாலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வழியில் காட்டேஜ் குரோவ் அவென்யூ. சிக்னலில் நின்றேன், விளக்கு மாறியதும் கடந்தேன், அவ்வளவுதான். கறுப்பர் குடியிருப்புக்கு அன்று கிழக்கெல்லை இந்தச் சாலை. அடுத்தது டிரெக்சல்: நடுவில் மரங்கள், இருபுறமும் பழைய கல் மாளிகைகள். பிக்கருக்கு அங்கே தங்க அறை கிடைத்தது, டிரைவராக.

நாவலின் குரூரமான இடம் பிக்கர் டால்டனின் மகளைக் கொல்வது அல்ல என்பது என் கட்சி. பிக்கர் குடும்பத்திடம் வாடகை வசூலிக்கும் கம்பெனியே டால்டனுடையதுதான். கறுப்பின இளைஞர்கள் விளையாட டேபிள் டென்னிஸ் மேசை வாங்கித் தருகிற தர்மவானும் அவரே. உங்கள் வீடுகளை வேறு பகுதிகளில் இவர்களுக்கு ஏன் வாடகைக்கு விடுவதில்லை என்று கொலை விசாரணையில் கேட்கிறார்கள். அவர் சொல்லும் சமாதானம், தங்கள் ஆட்களோடு இருந்தால்தான் அவர்களுக்குச் சந்தோஷம் என்பது. எண்பது வருஷம் கழித்து நேப்பர்வில் விருந்தில் நான் கேட்டதும் இதையேதான். வீட்டுக்காரர் தன் வசதிக்குச் சொன்னதைச் சமூகவியல் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வெளியே போக ஆசையில்லாதவர்களை உள்ளே வைத்து யாராவது கதவைப் பூட்டுவார்களா?

ஓட்டத்தை முடித்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். சவுத் ரோட்ஸ் அவென்யூ 6140. 1937இல் கறுப்பரான கார்ல் ஹான்ஸ்பெரி வெள்ளையர் பகுதியில் வாங்கிய வீடு. கும்பல் கூடியது. உள்ளே எறிந்த கல் அவருடைய மகள், சிறுமி லொரெய்னை மயிரிழையில் தவறவிட்டது. தாய் துப்பாக்கியோடு இராக்காவல் காத்தார். அந்த மாதிரிப் பத்திரத்தைக் காட்டிப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940 நவம்பரில் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்ந்தது. ஆனால் பத்திரம் தவறு என்று தீர்ப்பு சொல்லவில்லை. பத்திரம் செல்லும் என்ற பழைய வழக்கின் முடிவு இவரைக் கட்டுப்படுத்தாது என்றது, அதோடு சரி. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று சொல்ல 1948 ஆயிற்று. அந்தச் சிறுமி வளர்ந்து எழுதிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் 1959இல் பிராட்வேயில் ஏறியது. அதுவும் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கும் குடும்பத்தின் கதை.

பிரான்ஸ்வில் என்ற இந்தக் கறுப்பர் குடியிருப்பின் மக்களுக்குத் தங்கள் பேட்டை மேல் பற்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் அந்தத் தெருக்களைப் பாடியவர், 1950இல் புலிட்சர் வாங்கியவர். பற்று அவர்களுடையது. எல்லைக்கோடு அவர்கள் போட்டதல்ல.

நேப்பர்வில் கணக்கு வேறு. நண்பருக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கே வீட்டை விற்றுவிட்டு எங்கும் போகலாம். அவர் விசாவுக்கு வழிவிட்டது 1965 குடியேற்றச் சட்டம். நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுப்பது 1968 சட்டம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது அந்த ஷூ அடிக்காரர்களின் போராட்டம். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில்தான் 1968 சட்டத்தில் கையெழுத்தே விழுந்தது.

இதையெல்லாம் சொல்லி, அடுத்த ஞாயிறு கூட வருகிறீர்களா என்று நண்பரைக் கேட்டேன். சைக்கிளில் காற்று இல்லை என்றார்.