ஸ்டே ஒருவருக்கு, வாய்தா ஒருவருக்கு!

காலை பத்து மணிக்குப் பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவில் போய் நின்று பாருங்கள், தோழர்களே! ஆலை வாசலில் மறியல் செய்தவர், கூலி பாக்கி கேட்டுச் சூளை முதலாளி வீட்டு முன் உட்கார்ந்தவர், வரப்புத் தகராறில் மாட்டிக் கொண்டவர் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலி போயிற்று. டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். 'ஆஜர்' என்று சொல்லுமுன் அடுத்த வாய்தா தேதி விழுந்துவிடுகிறது.

அதே கட்டடத்தில் வேறு சில கட்டுகள் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றில் எதிரி யாரும் வருவதில்லை. வரத் தேவையுமில்லை. மேல் கோர்ட்டில் ஒரு சட்டக் கேள்வி நிலுவையில் இருக்கிறதாம்; அதற்கு விடை வரும்வரை விசாரணைக்கு ஸ்டே! பிரஸ் மெஷினில் விரல் போன தொழிலாளி சாட்சி சொல்லக் காத்திருக்கிறார். 'தொழிற்சாலைக்குப் பொறுப்பாளி நானல்ல, மானேஜர்தான்' என்பது முதலாளியின் வாதம். இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே விடை சொல்லிவிட்டது. கம்பெனி ஆலை என்றால் டைரக்டர்களில் ஒருவர்தான் பொறுப்பாளி, மானேஜர் தலையில் கட்ட முடியாது என்று தீர்த்தது. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின் 1987-ல் திருத்தப்பட்ட சட்டம் அப்படிச் சொன்னது. அந்த ஒரு வரியின் அர்த்தம் முடிவாக ஒன்பது ஆண்டு ஆயிற்று!

ஸ்டே என்பதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. போலீசு பொய் வழக்குப் போட்டால் ஹைகோர்ட்டுப் படி ஏறுவது நாமும்தான். சட்டமே செல்லாது என்ற சந்தேகம் இருக்கும்போது அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவனைத் தண்டித்து விட்டு, பிறகு 'தவறு நேர்ந்து விட்டது' என்பதில் என்ன நியாயம்? ஆனால் அந்தக் கேள்விக்கு எப்போது விடை வரும்? இதுதான் நமது கவலை.

டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 1997-98-ல் மாநகராட்சி ரோடுகளுக்குத் தார் ஏற்றியதாக எண்ணெய்க் கம்பெனிகளின் பெயரில் போலி ரசீது காட்டிப் பணம் சுருட்டினார்கள் என்பது புகார். சி.பி.ஐ. 2001-ல் வழக்குப் பதிந்தது, 2002-ல் குற்றப்பத்திரிகை, 2007-ல் கோர்ட்டு குற்றச்சாட்டு வனைந்தது. உடனே மேலே ஓடினார்கள். குற்றச்சாட்டு வனைந்த உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகலாமா, ஊழல் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறதா என்பது கேள்வி. இதற்கு சுப்ரீம் கோர்ட்டு விடை சொன்னது 2018 மார்ச் 28-ல்! போகலாம், ஆனால் மிக அபூர்வமான வழக்கில்தான் விசாரணையை நிறுத்தலாம் என்றது. தார் ஊற்றிய ரோட்டை அதற்குள் எத்தனை முறை தோண்டினார்களோ!

அன்றே இன்னொன்றும் சொன்னது. எந்த ஸ்டேயும் ஆறு மாதம்தான். காரணம் எழுதி நீட்டிக்காவிட்டால் தானாகவே விழுந்துவிடும் என்றது. நம்மில் பலர் கை தட்டினோம். ஆனால் 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கோர்ட்டின் தாமதத்துக்கு வழக்காடுபவனைத் தண்டிக்கலாகாது, அவனைக் கேட்காமல் ஸ்டே தானாக விழுவது நியாயமல்ல என்றார்கள்.

இதை நாம் குறை சொல்லப் போவதில்லை. பொய் வழக்கில் ஸ்டே வாங்கிய தொழிலாளியின் மனு ஆறு மாதத்தில் லிஸ்டுக்கே வராவிட்டால் அவன் என்ன செய்வான்? தீர்ப்பு சரிதான். ஆனால் ஆறு மாதக் கெடு போன பிறகு அந்த இடத்தில் என்ன வைத்தார்கள்? ஸ்டேயை நீக்கும்படி மனுப் போடலாம், கோர்ட்டு கேட்கும் என்கிறார்கள். மனுப் போட வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும்.

கேள்வி நிலுவையில் இருந்தால் வழக்கு தூங்கும் என்பதும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. இதே பூந்தமல்லியில் இருந்த பொடா தனிக் கோர்ட்டை நினைத்துப் பாருங்கள். திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் வைகோ கைதானார். அவருடைய அரசியல் வேறு, நமது அரசியல் வேறு. அது இங்கே பேச்சல்ல. வெறும் வாய்ப்பேச்சு ஆதரவு பொடாவில் குற்றமா என்ற கேள்வி டில்லிக்குப் போயிற்று. பயங்கரச் செயலுக்கு உதவும் எண்ணம் இல்லாத வெறும் ஆதரவு குற்றமாகாது என்று 2003 டிசம்பர் 16-ல் விடை வந்தது. அதுவரை மனிதர் எங்கே இருந்தார்? வேலூர்ச் சிறையில்! 2004 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். அவர் நெடுநாள் ஜாமீன் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டாலும் பொடாவில் சுலபமாகக் கிடைப்பதல்ல அது. அந்தச் சட்டமே 2004-ல் ரத்தாயிற்று.

ஊரறிந்த தலைவருக்கே இந்தக் கதி. பேர் தெரியாத கூலிக்காரனுக்கு? 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தண்டிக்கப்பட்டவர்களே அல்ல, விசாரணைக் கைதிகள்! நான்கில் மூன்று பேர். இவர்களுக்காக எந்தச் சட்டக் கேள்வியை யார் மேலே கொண்டுபோகப் போகிறார்கள்?

ஸ்டே கொடுக்கிற கோர்ட்டு அன்றைக்கே இறுதி விசாரணைக்குத் தேதியும் கொடுக்கட்டும். சாட்சி வயதானவர், நோயாளி என்றால் அவர் சாட்சியத்தையாவது முதலில் பதிவு செய்யட்டும். கேள்விக்கு எந்த விடை வந்தாலும் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தொழிலாளி அடிபட்ட, செத்த வழக்குகளில் எத்தனை ஸ்டேயில் கிடக்கின்றன என்று சர்க்கார் வக்கீல் பட்டியல் போட வேண்டும், அவற்றை நீக்க அவரே மனுப் போட வேண்டும். சர்க்கார் தொடுத்த வழக்குக்குத் தொழிலாளி ஏன் சொந்தப் பணம் செலவழிக்க வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கத்துத் தோழர்கள் 'ஸ்டேயில் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பப்பட்ட வழக்கு எதுவானாலும், அதன் நம்பரையும் கடைசி வாய்தாச் சீட்டையும் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் ஆண்டும் கோர்ட்டின் பெயரும் போதும். மீதியைத் தேடி எடுத்துக் கொள்கிறோம்.