நள்ளிரவில் வந்த நெடி!

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி. நள்ளிரவு நெருங்கிக்கொண்டு இருந்தது.

சென்னைக்கு வடக்கே எண்ணூர். அங்கே கடல் ஓரமாக பெரியகுப்பம், சின்னக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஜனங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

திடீர் என்று ஒரு நெடி! கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. மூச்சு திணறியது.

என்ன, ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். கிடைத்த வண்டியில் ஏறினார்கள். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள். டஜன் கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின.

நல்ல வேளை, மனித உயிர் எதுவும் போகவில்லை.

வந்தது என்ன? அமோனியா! ஐஸ் பாக்டரியில் ஐஸ் உறைய வைப்பதற்குப் பயன்படும் அதே வாயுதான். உரம் செய்வதற்கும் அது வேண்டும். கப்பலில் குளிர்ந்த திரவமாக வரும். கப்பலில் இருந்து உரத் தொழிற்சாலைக்கு, கடலுக்கு அடியில் குழாய் போட்டு இருக்கிறார்கள். அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. அந்த மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் பாறைக் கற்கள் புரண்டு, குழாய் அடிபட்டு இருக்கலாம் என்று நிபுணர் குழு கூறியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

மூக்கு சொன்ன செய்தி

குழாயைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவது இல்லை. அது என்ஜினீயர்கள் பாடு. என்னை உறுத்துவது வேறு ஒன்று.

ஆபத்து வந்துவிட்டது என்று அந்த ஜனங்களுக்கு அறிவித்தது யார்? அவர்களுடைய மூக்கு! தங்களுக்கு வேறு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று அங்கு உள்ளவர்கள் சொன்னார்கள்.

1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு, போபால் நகரிலும் இதே கதைதான். பூச்சி மருந்துத் தொழிற்சாலையில் இருந்து மெத்தில் ஐசோ சயனேட் என்னும் விஷ வாயு, சுமார் 40 டன் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான பேர் மாண்டார்கள். "ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைத்து இருந்தால், எத்தனையோ பேர் பிழைத்து இருக்கக்கூடும்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு, 1989-ம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் போட்டது. அபாயகரமான ரசாயனம் வைத்து இருக்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் யார் குடி இருக்கிறார்களோ, அவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்வது என்று தெரிவிக்க வேண்டும். இது விதி.

விதி காகிதத்தில் இருக்கிறது. குப்பத்தில் மீன் விற்கும் ஆச்சிக்கு அது தெரியுமா? சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போவது என்று அவருக்கு யாராவது ஒரு முறை நடத்திக் காட்டி இருக்கிறார்களா? பாக்டரிக்கு உள்ளே ஒத்திகை நடக்கிறது. வெளியே, வேலிக்கு அந்தப் பக்கமும் நடக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிராம சபையில் கேட்கலாம். கலெக்டர் குறை கேட்கும் நாளில் மனுவாகவே கொடுக்கலாம்.

காற்றைப் பாருங்கள்

சரி, நெடி வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். கொடி, மரக்கிளை, புகை, எதைப் பார்த்தாலும் தெரியும். காற்று போகும் திசையில் ஓடாதீர்கள். வாயுவும் உங்கள் கூடவே ஓடி வரும். காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

துண்டையோ முந்தானையையோ தண்ணீரில் நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே ஈரத் துணி அதைக் கொஞ்சம் தடுக்கும். முழுவதும் தடுக்காது.

வெளியே போக முடியாதா? கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். இடுக்குகளில் ஈரத் துணியைச் செருகுங்கள். தீக்குச்சி கிழிக்க வேண்டாம். குளோரின் போன்ற வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அது என்று தெரிந்தால் மாடிக்குப் போவது நல்லது.

தப்பி வந்த பிறகு, உடுத்திய துணியைக் களைந்துவிட்டு நன்றாகக் குளியுங்கள். துணியில் விஷம் தங்கி இருக்கும்.

வீட்டிலும் உண்டு

"எங்கள் ஊரில் பாக்டரியே கிடையாது" என்கிறீர்களா? உங்கள் குளியல் அறையைப் பாருங்கள்.

ஒரு மூலையில் பிளீச்சிங் பவுடர். இன்னொரு மூலையில் ஆசிட் பாட்டில். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் கறை சீக்கிரம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும்! 1915-ம் ஆண்டில், முதல் உலகப் போரில், ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய அதே வாயு. நாம் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு தயாரிக்கிறோம்! இருமல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, தேய்த்துவிட்டு வருகிறேன்" என்று நிற்காதீர்கள்.

2024-ம் ஆண்டு நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததைப் பலர் படித்து இருப்பீர்கள். எலித் தொல்லைக்காக ஒரு வீட்டில் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு குடும்பத்தோடு ஏ.சி. போட்டுத் தூங்கினார்கள். இரண்டு குழந்தைகள் இறந்து போனார்கள். எலி மருந்திலும் விஷ வாயு வெளிவிடும் ரகங்கள் உண்டு. மருந்து வைத்தால் அந்த அறையில் படுக்கக் கூடாது.

கலர் பானம் வந்த பாட்டிலில் ஆசிட், மண்எண்ணெய், தின்னர் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதைவிடப் பெரிய தவறு கிடையாது என்பது என் எண்ணம். மூன்று வயதுப் பிள்ளைக்கு பாட்டிலின் உருவம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

வாந்தி வேண்டாம்!

பிள்ளை குடித்துவிட்டது. வீடே அலறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வருகிறார். "சோப்புத் தண்ணியைக் குடு. வாந்தி எடுக்கட்டும்" என்கிறார். இன்னொருவர் உப்புத் தண்ணீர் என்கிறார். சாணியைக் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

கொடுக்காதீர்கள்! ஆசிட் இறங்கும்போது உணவுக்குழாயைச் சுட்டு இருக்கிறது. வாந்தியாக வரும்போது இரண்டாவது தடவை சுடும். மண்எண்ணெய் அப்படி அல்ல. வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கு ஆபத்து அங்கேதான். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

எலிப் பசை விஷயத்தில் இன்னும் உஷார் தேவை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தின்றவர், முதல் நாள், இரண்டாம் நாள் நன்றாகவே நடமாடுவார். "ஒன்றும் இல்லை" என்று வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டே வரும். ஆள் நன்றாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

மேலே பட்டால்?

ஆசிட் பட்டால் தண்ணீர்தான் முதல் மருந்து. ஒரு சொம்புத் தண்ணீர் போதாது. குழாயடியில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். துணியையும், மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். மஞ்சள், மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு குழந்தைகள் கண்ணில் தெறிப்பது உண்டு. பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும்போது நடக்கும். சுண்ணாம்பு, ஆசிட்டைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். பார்வையே போய்விடும். ஒட்டிய கட்டியைச் சுத்தமான துணியால் துடைத்து எடுத்துவிட்டு, உடனே தண்ணீர் விடுங்கள். அழுதாலும் இமையைப் பிரித்து விடுங்கள். பிறகு கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

வயலில் மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு அடையாளம். டப்பாவில் சதுரம் ஒன்று சாய்வாக இருக்கும். அதன் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்து நீலம். கடைசி பச்சை. பச்சையும் விஷம்தான்! மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, கண்மணி ஊசி முனைபோல் சுருங்கினால், நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இத்தகைய பூச்சி மருந்துக்கு, அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிறவரும் விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். உள்ளே இறங்காதீர்கள். தீ அணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மூடியை இறுக்கி, ஒரு பையில் போட்டுக்கொண்டால் போதும். பெயர்ச் சீட்டு பாதி கிழிந்து இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.