பறிபோன கணக்கு: சாவி யார் கையில்?

2021 டிசம்பர் 12 அதிகாலையில் பிரதமர் நரேந்திர மோடியின் ட்விட்டர் கணக்கு களவு போனது. இந்தியா பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, அரசு 500 பிட்காயின்களை வாங்கி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று அதில் ஒரு பதிவு வெளியானது. பொழுது விடிவதற்குள் எல்லாம் சரிசெய்யப்பட்டது. ட்விட்டர் நிறுவனத்திடம் தெரிவிக்கப்பட்டு, கணக்கு உடனடியாகப் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் பக்கத்தைக் கைப்பற்றியவர்கள் அதில் கிரிப்டோ நாணய விளம்பரத்தை ஓட்டினார்கள். அதுவும் விரைவிலேயே மீட்கப்பட்டது.

பிரதமரின் கணக்கும் நீதிமன்றத்தின் கணக்கும் விரைந்து மீட்கப்பட்டதில் குறை காண ஏதுமில்லை. நிறுவனம் மனம் வைத்தால், களவு போன கணக்கைச் சில மணி நேரத்தில் மீட்க முடியும் என்பதற்கு அவை சான்றுகள். அப்படியானால், தைத்த துணிகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் விற்றுப் பிழைக்கும் பெண்ணின் கணக்கு பறிபோகும்போது அந்த வேகம் எங்கே போகிறது? தொழிற்சங்கக் கிளையின் முகநூல் பக்கம் திருடப்படும்போது, புகாருக்கு இயந்திரத்தின் பதில் மட்டுமே வருவது ஏன்?

களவு நடக்கும் விதம்

களவின் முறை எளியது. நண்பரின் பெயரில் ஒரு செய்தி வருகிறது: ஒரு போட்டியில் கலந்துகொண்டிருக்கிறேன், இந்த இணைப்பைத் தொட்டு வாக்களியுங்கள். அல்லது நிறுவனத்தின் பெயரில் ஒரு மிரட்டல் வருகிறது: உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும். பதறியவர் இணைப்பைத் திறந்து கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் தருகிறார். சில நிமிடங்களில் மின்னஞ்சல் மாற்றப்படுகிறது, கைபேசி எண் மாற்றப்படுகிறது, இரட்டைச் சரிபார்ப்பு திருடரின் கருவியில் இயக்கப்படுகிறது. உரியவரைக் காக்க உருவாக்கப்பட்ட பூட்டு இப்போது அவரையே வெளியே நிறுத்துகிறது. மீட்புக்கு விண்ணப்பித்தால் சரிபார்ப்புக் குறியீடு திருடரின் எண்ணுக்கே செல்கிறது. இதற்கிடையில், மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் அனுப்புங்கள் என்ற செய்தி அவருடைய பெயரில் உறவினருக்கும் தோழர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

திருடரே இல்லாமலும் ஏழைகளின் கணக்கு பறிபோகிறது. ரீசார்ஜ் செய்யப் பணமின்றி எண் துண்டிக்கப்பட்டால், 90 நாட்களுக்குப் பிறகு அந்த எண்ணை வேறொருவருக்கு வழங்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே இதைத் தெரிவித்தது. 2024 ஜூலையில் பெரும் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளி ஒரு எண்ணைக் கைவிட்டு இன்னொன்றை வாங்குகிறார். பழைய எண்ணோடு பிணைந்த கணக்கின் சாவி, முகம் தெரியாத மற்றொருவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தத் தொழிலாளி எந்த இணைப்பையும் தொடவில்லை, யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. அவர் செய்த ஒரே குற்றம் வறுமை.

கவனக்குறைவு என்னும் வாதம்

எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்பதே நிறுவனங்களும் அரசும் சொல்லும் பதில். ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்ற விளம்பரத்தோடு தம் கடமை முடிந்ததாக அவை கருதுகின்றன. எச்சரிக்கை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகும் தலைக்கவசம் அணியச் சொல்லும் அறிவுரையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் மருத்துவமனையை எவரும் ஏற்கமாட்டார்கள். கணக்கு பறிபோன பிறகு உரியவர் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் தீர்வு கிடைக்கும், இழப்புக்கு யார் பொறுப்பு என்பவையே விடை வேண்டி நிற்கும் கேள்விகள்.

பெரும் நிறுவனங்கள் அந்த விடையைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. மெட்டா நிறுவனம் 2022 நவம்பரிலும் 2023 மார்ச்சிலும் மொத்தம் சுமார் 21,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதே 2023இன் ஜூனில், மாதம் 699 ரூபாய் கட்டணத்தில் ஒரு சந்தாத் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. கணக்குச் சிக்கல்களுக்கு மனிதர் ஒருவரின் உதவி கிடைக்கும் என்பது அதன் சலுகைகளில் ஒன்று. மனிதர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, மனிதரோடு பேசும் வாய்ப்பை விலைக்கு விற்பது இதுதான். ட்விட்டர் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது: குறுஞ்செய்தி வழியான இரட்டைச் சரிபார்ப்பை 2023 மார்ச் 20 முதல் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் உரியதாக்கியது. பூட்டுக்குத் தனி விலை, திருட்டுப் போனால் முறையிடத் தனி விலை!

பணம் இல்லாததால் ஆட்களை நியமிக்க முடியவில்லை என்று இந்நிறுவனங்கள் சொல்ல முடியாது. 2024இல் மெட்டாவின் நிகர லாபம் 6,200 கோடி டாலருக்கும் மேல். அந்த ஆண்டின் வருவாயில் ஏறத்தாழ 10 சதவீதம் மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்ததை, 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களோடு வெளியிட்டது. அந்தக் கணிப்பு மிகைப்பட்டது என்று மெட்டா மறுத்தது. கணக்கு வேண்டுமானால் மிகையாக இருக்கட்டும். மோசடிக்காரர் கொடுக்கும் விளம்பரப் பணம் நிறுவனத்துக்கு வருவாய், மோசடிக்கு ஆளானவரின் புகார் அதற்குச் செலவு. லாபம் ஒன்றே அளவுகோலாக இருக்கும்வரை எது வளரும், எது வெட்டப்படும் என்பதை ஊகிக்கப் பொருளாதார அறிவு தேவையில்லை.

இந்த நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் 41 மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் கட்சி வேறுபாடின்றி மெட்டாவுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். நியூயார்க்கில் மட்டும் கணக்குப் பறிப்புப் புகார்கள் 2019இல் 73 ஆக இருந்து 2023இல் 783 ஆக உயர்ந்ததை அது சுட்டிக்காட்டியது. நிறுவனத்தின் தாய்நாட்டிலேயே இதுதான் நிலை என்றால், உலகிலேயே அதிக முகநூல் பயனர்களைக் கொண்ட இந்தியாவின் எளிய மக்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

36 மணி நேரமும் 15 நாளும்

டிஜிட்டல் இந்தியா என்று 2015 முதல் முழங்கிவரும் மோடி அரசு இதில் என்ன செய்திருக்கிறது? 2021 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை அவற்றின்படி, அரசு ஆணையிட்டால் ஒரு பதிவை 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டியிருந்தது. குடிமகன் புகார் அளித்தால் தீர்வு காண நிறுவனத்துக்கு 15 நாள் அவகாசம் இருந்தது. தீர்வு கிடைக்காதவர், 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். அங்கே மேலும் 30 நாள். அந்தக் குழுவை நியமிப்பதும் ஒன்றிய அரசே. அரசுக்குப் பிடிக்காத பதிவுக்கு ஒன்றரை நாள், உழைப்பவரின் பறிபோன கணக்குக்கு ஒன்றரை மாதம் என்றே அப்போது இருந்தது! விதிகளை வகுத்தவர்களின் அவசரம் எதில் இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. ஆள்மாறாட்டப் பதிவு குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால் 24 மணி நேரத்தில் அதை அகற்ற வேண்டும் என்று அதே விதிகள் கூறின. ஆனால், திருடப்பட்ட கணக்கை உரியவரிடம் திருப்பி ஒப்படைப்பதை நிறுவனத்தின் கடமையாக அவை வரையறுக்கவில்லை.

காவல் நிலையத்தின் கதவும் எளிதில் திறப்பதில்லை. அடையாளத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. ஆனால் இச்சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய முடியும் என்கிறது 78ஆம் பிரிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இணையக் குற்ற வழக்குகள் 2021இல் 52,974, 2023இல் 86,420. பெருகும் வழக்குகளுக்கு நடுவே, பண இழப்பு இல்லாத கணக்குத் திருட்டு அற்ப விஷயமாக ஒதுக்கப்படுகிறது.

எதிர்க்குரல்களை முடக்குவதில் மட்டும் தயக்கமே இல்லை. விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரில் அமர்ந்திருந்தபோது, 2020 டிசம்பர் 20 அன்று கிசான் ஏக்தா மோர்ச்சாவின் முகநூல் பக்கம் மறைந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் சில மணி நேரத்தில் திரும்ப வந்தது. தானியங்கி முறையின் தவறு என்றது நிறுவனம். 2021 பிப்ரவரி 1 அன்று அரசின் கோரிக்கையை ஏற்று, அதே அமைப்பின் கணக்கு உட்பட இருநூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகளை ட்விட்டர் இந்தியாவில் மறைத்தது. இன்று உள்துறை அமைச்சகத்தின் சகயோக் இணையதளம் வழியே நீக்க அறிவிப்புகள் நேரடியாகப் பறக்கின்றன.

பீமா கோரேகான் கற்பிக்கும் பாடம்

கணக்கு மீட்பு எந்த அளவுக்கு அரசியல் பிரச்சனை என்பதை உணர்த்த பீமா கோரேகான் வழக்கு ஒன்றே போதும். ரோனா வில்சனின் கணினியில் தீநிரலைப் புகுத்தி, அதன்வழி ஆவணங்கள் நடப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூனில் ஒயர்டு இதழ் வெளியிட்ட செய்தி இன்னும் அதிர்ச்சியானது. ரோனா வில்சன், வரவர ராவ், ஹனி பாபு ஆகியோரின் மின்னஞ்சல் கணக்குகள் ஊடுருவப்பட்டபின், அவற்றில் புதிய மீட்பு மின்னஞ்சலும் மீட்புக் கைபேசி எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தன. கடவுச்சொல்லை மாற்றினாலும் ஊடுருவியவர்கள் மீண்டும் நுழைவதற்கான பின்வாசல் அது. அந்த மீட்பு விவரங்கள் புனே காவல்துறை அதிகாரி ஒருவரோடு தொடர்புடையவை என்று பாதுகாப்பு ஆய்வாளர்களை மேற்கோள் காட்டி அவ்விதழ் எழுதியது.

அதாவது, கணக்கை உரியவரிடம் சேர்க்க வேண்டிய ‘மீட்பு’ என்னும் ஏற்பாடே களவின் கருவியானது. வில்சனின் கணக்கிலிருந்து மற்றவர்களுக்கும் வலை வீசப்பட்டது. ஒருவரின் பறிபோன கணக்கு ஓர் இயக்கத்தின் வாசலாக மாறும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. ஆகவே, நிறுவனத்தின் கையிலுள்ள சாவியைப் பிடுங்கி அரசின் கையில் கொடுப்பது தீர்வாகாது. அடையாள ஆவணத்தோடு இணைக்காமல் எந்தக் கணக்கும் இருக்கக் கூடாது என்ற யோசனை, திருடரைப் பிடிப்பதற்கு முன்பே விமர்சகரைப் பிடித்துவிடும். சாவி குடிமக்களின் கையில், நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க உரிமையாக இருக்க வேண்டும்.

கோரிக்கைகளும் கடமைகளும்

களவுப் புகார் வந்தவுடன் கணக்கை உறைய வைத்து, திருடர் எதையும் பதியவோ மாற்றவோ முடியாதபடி செய்வது சட்டக் கடமையாக வேண்டும். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மனிதரிடம் கட்டணமின்றி முறையிடும் வசதி வேண்டும். நுழைவுப் பதிவேட்டை உரியவரிடம் தரவும், தாமதத்தால் நேரும் இழப்பை ஈடுசெய்யவும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அடிப்படைப் பாதுகாப்பு வசதிகளை விற்பது தடைசெய்யப்பட வேண்டும். கைபேசி எண்ணை மறு ஒதுக்கீடு செய்யும் முன் பழைய கணக்குகளுடனான பிணைப்பு அறுக்கப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு அரசின் கட்டுப்பாடற்ற சுயேச்சையான அமைப்பு வேண்டும். இவை தொழிற்சங்கங்களின், மாதர், வாலிபர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

கோரிக்கை வெல்லும்வரை அணிகள் கைகட்டி இருக்க முடியாது. பல கிளைகளின் பக்கங்கள் இன்றும் ஒரே தோழரின் கைபேசியில், ஒரே கடவுச்சொல்லில் தொங்குகின்றன. இந்தக் குறை வெளியாரால் வந்ததன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பொறுப்பாளர்களாவது தேவை. குறுஞ்செய்திக்குப் பதிலாகச் செயலி வழியான இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். மீட்பு மின்னஞ்சலும் எண்ணும் தமக்குரியவைதானா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

களவு நடந்துவிட்டால் முதல் வேலை, வேறு வழிகளில் எல்லோரையும் எச்சரிப்பது. வாட்ஸ்அப் கணக்கு போனால், தாமதிக்காமல் அதே எண்ணில் மீண்டும் பதிவு செய்து ஆறு இலக்கக் குறியீட்டை இட்டதும் திருடர் வெளியேற்றப்படுவார். திருடர் வேறு கடவு எண் வைத்திருந்தால், அதின்றி நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரும். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, தேதியைக் குறித்து வைக்க வேண்டும். அவர் தரும் பதில் தீர்வாக இல்லையெனில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எல்லை காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் புகாரை மறுக்க முடியாது என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு.

கணக்கை இழந்தவர் பெரும்பாலும் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்கிறார். பெண்கள் வீட்டாருக்கு அஞ்சி மறைக்கிறார்கள். அந்த மௌனமே திருடருக்கும் நிறுவனத்துக்கும் வசதி. ஊதிய பாக்கிக்கும் ரேஷன் அட்டைக்கும் உதவி தேடி உழைக்கும் மக்கள் வந்து நிற்கும் சங்க அலுவலகம், பறிபோன கணக்குக்காகவும் தயங்காமல் ஏறிவரும் இடமாக வேண்டும். விவசாயிகளின் பக்கம் சில மணி நேரத்தில் திரும்பி வந்தது அவர்கள் 699 ரூபாய் கட்டியதால் அன்று. அவர்கள் பின்னால் மக்கள் நின்றதால்.