துப்பாக்கிக்கு முன் ஒரு கேள்வி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவு எங்கள் விடுதியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. மேடை இல்லை, நடுவர் இல்லை, மொட்டை மாடியும் நிலவும் எட்டு மாணவர்களும்தான். தலைப்பு இது: "நாளைக் காலை ஊரெல்லாம் ஜாம்பிகள் எழுந்து வந்தால், கையில் எடுக்கச் சிறந்த துப்பாக்கி எது?"

பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். செத்த பிணம் எழுந்து நடந்து கடிக்கும், கடிபட்டவரும் நடைப்பிணமாவார். இது அமெரிக்கத் திரைப்படங்கள் வளர்த்த கற்பனை. அந்நாட்டில் இதற்குக் கையேடே உண்டு. மாக்ஸ் புரூக்ஸ் என்பவர் 2003-இல் எழுதியது. ஆயுதங்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆகவே நாங்களும் அறிவியல் முறைப்படியே வாதிட்டோம்!

ஒருவன் 12 போர் துப்பாக்கி என்றான். கிட்டத்தில் வந்தால் ஒரே வெடியில் சாய்க்கலாமாம். இன்னொருவன் இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கி என்றான். நான் .22 ரைபிள் கட்சி. அக்கூட்டத்தில் உண்மையாகவே துப்பாக்கி சுட்டவன் நான் ஒருவன்தான். என்.சி.சி. முகாமில் 25 கெஜ தூரத்திலிருந்து ஐந்து குண்டு சுட்டேன். மூன்று காகிதத்தில் பட்டன. மற்ற இரண்டும் போன இடம் இறைவனுக்கே வெளிச்சம்.

என் வாதம் வருமாறு: ஒரு 12 போர் தோட்டா ஏறத்தாழ 45 கிராம்; .22 தோட்டா மூன்றரை கிராமுக்கு மேல் போகாது. 500 தோட்டா சுமப்பதென்றால் முதலாவதற்கு 22 கிலோவுக்கு மேல். இரண்டாவதற்கு இரண்டு கிலோகூட இல்லை. ஓடித் தப்ப வேண்டியவன் மூட்டை சுமக்க முடியுமா? கனத்த குண்டை முன்னே தள்ளும் துப்பாக்கி தோளைப் பின்னே உதைக்கும் என்பது உந்த அழிவின்மை விதி. .22-இல் உதைப்பு மிகச் சிறிது, ஓசையும் குறைவு. கைத்துப்பாக்கியோ பயிற்சியில்லாதவன் கையில் எளிதில் குறி தவறும். ஆகவே சுமப்பதற்கும் எளிது, சுடுவதற்கும் எளிது, .22 ரைபிளே!

வெற்றி எனக்குத்தான். பரிசு ஒரு டீ.

அதுவரை பேசாமலிருந்த முதலாண்டுத் தம்பி ஒருவன் அப்போது கேட்டான்: "அண்ணே, எதிர்ல வர்றது ஜாம்பிதான்னு எப்படித் தெரியும்?" எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இக்கற்பனைக்கு இன்றைய வடிவம் தந்தது ஜார்ஜ் ரொமேரோ இயக்கி 1968-இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் படம். நடைப்பிணங்கள் சூழ்ந்த பண்ணை வீடொன்றில் சிலர் அடைபட்டுக் கிடக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ரைபிள். அதற்காக உயிருள்ள இருவர் மோதிக்கொள்கிறார்கள். ஒருவர் மற்றவரைச் சுடுகிறார். சுட்டவர் பென் என்னும் கறுப்பின இளைஞர். அந்தப் பயங்கர இரவைக் கடந்து உயிர் தப்புபவர் அவர் ஒருவரே. விடிகிறது. காப்பாற்ற வந்த கூட்டம் சன்னலில் ஓர் உருவம் அசையக் கண்டு, நடைப்பிணம் என்று கருதிச் சுட்டுவிடுகிறது. பென் சாகிறார். பிணங்களால் ஆகாததைத் துப்பாக்கி செய்து முடித்தது. "யார் அங்கே?" என்று ஒருவராவது கேட்டிருந்தால்?

இதை நான் கதையாக மட்டும் எண்ணிவிட முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

2020 ஏப்ரல். நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஊரடங்கு. எங்கள் ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். வெளியூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் மூன்று நாள் நடந்து, அந்தி மயங்கும் வேளையில் அந்த வேலிக்கு அப்பால் வந்து நின்றார். முகத்தில் துண்டு, தலையில் மூட்டை, நடையில் தள்ளாட்டம். வேலிக்கு இப்பால் நின்றவர்கள் கையில் கம்பு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். எனக்குப் பெரியப்பா முறை, மாமன் முறை. ஆனால் அச்சம் முறை பார்ப்பதில்லை. ஒருவர் குனிந்து கல்லை எடுத்தார்.

அப்போது என் அப்பத்தா குரல் கொடுத்தார்: "யாருப்பா அது?"

"நாந்தேன் ஆத்தா."

என் தந்தை! கல் கீழே விழுந்தது. பதினான்கு நாள் அவர் பம்புசெட் கொட்டகையில் தனித்திருந்தார். தூக்குவாளியில் கஞ்சி போயிற்று. கல்லை எடுத்தவரே வாளியைச் சுமந்து போய் வரப்பில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இன்றும் என்னைப் படிக்க வைப்பது தந்தையின் அந்தக் கைகள்தாம்.

வேலி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நோயைத் தடுக்க இடைவெளி தேவைப்பட்டது. தற்காப்பும் வேண்டியதே. ஆனால் அன்று அக்கூட்டத்தில் ஒருவர் கையிலேனும் நான் புகழ்ந்த அந்த .22 ரைபிள் இருந்திருந்தால்? கல்லை எடுத்தவர் குனிய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு கேள்விக்கு இடம் கிடைத்தது. துப்பாக்கி அந்த நேரத்தையும் தருவதில்லை. எளிதில் சுடலாம் என்பதைத்தானே நான் அதன் சிறப்பாகச் சொன்னேன்!

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011 மே மாதம், பேரிடருக்கு மக்களைத் தயார்படுத்த எண்ணி, ஜாம்பிகளையே சாக்காக வைத்து ஓர் அறிவுரைப் பட்டியல் வெளியிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர், தண்ணீர், உணவு, மருந்து, வானொலி, மாற்றுடை, முக்கியச் சான்றிதழ்கள், குடும்பத்தார் சந்திக்க ஓரிடம். துப்பாக்கி மலிந்த நாட்டில் எழுதிய அப்பட்டியலில் துப்பாக்கி இல்லை!

நண்பர்களே, நம் நாட்டு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாத நான் துப்பாக்கி உரிமம் பெறவே முடியாது. எனவே என் தேர்வால் எவருக்கும் ஆபத்தில்லை. ஆயினும் கற்பனையில் பழகும் கைதான் ஒருநாள் மெய்யாகவே ஓங்கும். யாரை வெல்லலாம் என்று பட்டிமன்றம் நடத்தும் நாம், வருவது யாரென்று கேட்கவும் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

ஆகவே அன்றைய தீர்ப்பை நானே மாற்றி எழுதுகிறேன். முதலில் தண்ணீர், அடுத்து உணவு, அதற்கடுத்து "யாரது?" என்று கேட்க ஒரு குரல். இவை மூன்றும் உள்ள இடத்தில் துப்பாக்கியின் முறை வருமா என்பது ஐயமே.

அந்த முதலாண்டுத் தம்பிக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன். அன்று வென்றவன் அவன்தான்.