முதுமையும் வருமான வரம்பும்

அரசு ஓர் உதவியை அறிவிக்கும்போது, ‘ஆண்டு வருமானம் இவ்வளவுக்கு மேற்படலாகாது’ என்று வரம்பு விதிப்பது வழக்கம். இல்லாதவருக்கே உதவி சென்று சேர வேண்டும் என்னும் நோக்கம் நியாயமானதே. ஆயினும் விலைவாசி ஏறிக்கொண்டிருக்க, வரம்பு மட்டும் அசையாதிருப்பின் அந்த நியாயம் நாளடைவில் அநீதியாகிவிடுகிறது.

தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-ஆம் ஆண்டு தொடங்கியபோது, குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருப்பெற்றபோதும் அதே தொகைதான். 2022-இல்தான் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. இடையே 12 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

அக்காலத்தில், பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்ததாகக் கொள்வோம். ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டதில் 3,500. ஆண்டுக்கு 66,000, வரம்புக்கு உட்பட்டவர். சில ஆண்டுகளில் வாடகை 4,500 ஆகிறது. ஆண்டு வருமானம் 78,000, வரம்பைக் கடந்துவிட்டார்! அரிசியும் மருந்தும் விலையேறியதால் அவர் செல்வராகிவிடவில்லை. ஆயினும் வருமானச் சான்றிதழ் அவரைச் செல்வராக்கிவிடுகிறது. அரசு மருத்துவமனை அவருக்கு அடைபடவில்லை என்பது உண்மை. எனினும் காப்பீட்டின் துணையோடு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெறும் வழி அடைபட்டது.

தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் நிலையும் இத்தகையதே. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி உயர்வு அதற்கு இல்லை.

2024 அக்டோபர் 29 அன்று, 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. வரவேற்போம். ஆனால் 60 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டோரின் நிலை என்ன? விலைவாசிக்கு ஏற்ப வரம்பு ஆண்டுதோறும் தானாகவே உயருமாறு விதி செய்வதே முறையாகும். இதனை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் கேட்போம்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. முன்பு ‘தகுதி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியோர் பலர், வரம்பு உயர்ந்ததை அறியாமலே இருக்கக்கூடும். நம் பங்கில் அத்தகையோரைத் தேடிச் சென்று, சான்றிதழ் பெறவும் மீண்டும் விண்ணப்பிக்கவும் நம் இளைஞர்கள் துணை நிற்பார்களாக.