பாட்டியின் கூனல்

"வயதானால் முதுகு வளையத்தானே செய்யும்!" என்று நாம் வெகு சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். ஆனால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போன பாட்டி 'அம்மா!' என்று முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, பல சமயங்களில் முதுகெலும்புக் கணு ஒன்று முறிந்து அமுங்கியிருக்கிறது. கரையான் அரித்த மரம்போல் உள்ளே பொள்ளலாகிவிட்ட எலும்பு முறிவதற்குக் கீழே விழவும் வேண்டுவதில்லை, குனிந்தாலே போதும்.

1984-ல் பிரான்ஸ் தேசத்து அமியான் நகர வைத்தியர்கள், கட்டியொன்றால் பலமிழந்த கழுத்தெலும்புக்குள் ஊசி வழியே ஒருவகைச் சிமெண்டைச் செலுத்தினார்கள். பின்னர் அம்முறை, நலிந்து முறிந்த எலும்புகளுக்கும் வந்தது. சிறு பலூனை உள்ளே ஊதி, அமுங்கிய எலும்பை நிமிர்த்திவிட்டுச் சிமெண்டை நிரப்புவதும் உண்டு.

நல்ல வித்தைதான். எனினும் 2009-ல் வெளியான இரண்டு பரிசோதனைகளில், சிமெண்டு பெற்றவர்களுக்கும், பெற்றதாகப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது! பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானே தணிகிறது. ஆகையால், மருந்துக்கு அடங்காத கடும் வலிக்கே இச்சிகிச்சையை யோசிக்கிறார்கள். கால் மரத்தாலோ பலம் குன்றினாலோ தாமதமின்றி வைத்தியரிடம் போகவேண்டும்.

சிமெண்டு ஒரு கணுவைத்தான் தாங்கும். மற்றக் கணுக்களை யார் தாங்குவது? எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, அதை வலுப்படுத்தும் மருந்தும் சுண்ணாம்புச் சத்தும் கொடுப்பதே மூல சிகிச்சை. பாட்டி உயரம் குறைந்துவருவதாகத் தோன்றினால், வயதின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.